பாளைக்குள் ஒரு பாடம்

பூவின் உறுப்புகளைப் பற்றிய பாடம் வந்துவிட்டால் ஆசிரியர்கள் கை தானாகவே செம்பருத்தியைத் தேடிப் போகும். எங்கள் புக்கிட் ரோத்தான் வட்டாரத்தில் அதற்குப் பஞ்சமே இல்லை. லயத்து வீட்டு வேலியில் பூத்திருக்கும், மாரியம்மன் கோயில் வாசலில் பூத்திருக்கும், பள்ளிக்கூடத்துக் கொடிக்கம்பத்தின் அடியிலும் பூத்திருக்கும். 1960-ஆம் ஆண்டு ஜூலை 28-ஆம் நாள் நம் நாட்டின் தேசிய மலராக அறிவிக்கப்பட்ட புங்கா ராயா அல்லவா? ஆளுக்கு ஒரு பூவைக் கொடுத்து, ஒரு பிளேடையும் பக்குவமாகப் பிடிக்கச் சொல்லிவிட்டால் பாடம் பாதி முடிந்த மாதிரிதான்.

வீட்டில் பிள்ளைகள் இருக்கும் தாய்மார்கள் இந்தப் பக்கத்தைப் படித்துக்கொண்டே ஒரு பூவைப் பறித்துப் பாருங்கள். காம்பிலிருந்து மேலே வரவேண்டும். பச்சைக் கிண்ணம் போல் இருப்பது புல்லி வட்டம். அதன் மடல்கள் ஐந்தும் புல்லி இதழ்கள். மொட்டாக இருந்த காலத்தில் பூவைப் பொத்திப் பாதுகாத்தது இதுதான். கிண்ணத்துக்கும் கீழே மெல்லிய பச்சைக் கீற்றுகள் இன்னொரு சுற்று இருக்கும். அது புறப்புல்லி வட்டம். கொல்லையில் வெண்டை போட்டிருப்பவர்கள் அந்தப் பூவிலும் இதே சுற்றைக் காணலாம். வெண்டையும் செம்பருத்தியும் ஒரே குடும்பம்.

புல்லி வட்டத்துக்கு உள்ளே நம் கண்ணைப் பறிக்கும் சிவப்பு இதழ்கள் அல்லி வட்டம். நடுவிலிருந்து நாக்கை நீட்டியது போல் வெளியே வரும் குழாய்தான் பிள்ளைகளைக் குழப்புவது. ஆண் உறுப்புகளான மகரந்தத் தாள்கள் பலவும் ஒட்டிக்கொண்டு அந்தக் குழாயாகி இருக்கின்றன. அதன்மேல் மஞ்சள் பொட்டுப் பொட்டாக இருப்பவை மகரந்தப் பைகள். விரலில் ஒட்டும் பொடி மகரந்தம். குழாயின் உள்ளே ஒளிந்து ஓடி, நுனியில் ஐந்து சிவப்புப் பொட்டுகளாகப் பிரிந்து நிற்பது பெண் உறுப்பான சூலகத்தின் தலை. அதற்குச் சூலகமுடி என்று பெயர். ஓடி வந்த நூல் சூலகத்தண்டு. பூவின் அடியில் உப்பலாக இருப்பது சூற்பை. அதைக் குறுக்கே வெட்டினால் ஐந்து அறைகள். இதழ் ஐந்து, முடி ஐந்து, அறை ஐந்து என்று எல்லாம் ஐந்தாகவே வரும்.

இவற்றுக்கு உலகமெங்கும் வழங்கும் தாவரவியல் பெயர்கள் கிரேக்கத்திலிருந்தும் இலத்தீனிலிருந்தும் வந்தவை. புல்லி வட்டம் காலிக்ஸ், அல்லி வட்டம் கொரோலா, மகரந்தத் தாள் ஸ்டேமன், சூலகம் பிஸ்டில், சூலகமுடி ஸ்டிக்மா, சூற்பை ஓவரி. இடைநிலைப் பள்ளிக்குப் போனால் மலாயில் அல்லி இதழுக்கு ரங்கி என்றும் மகரந்தத்துக்கு டெபுங்கா என்றும் படிக்க வேண்டும். ஒரே உறுப்புக்கு மூன்று பெயர். பிள்ளைகள் இதைப் பாரமாக நினைத்து நெட்டுருப் போடுகிறார்கள். பொருளைச் சொல்லிக் கொடுத்தால் பயம் போய்விடுகிறது. கொரோலா என்றால் சிறிய மாலை. ஸ்டேமன் என்பது தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல். பிஸ்டில் என்பது உலக்கை! பெயர் வைத்தவர்கள் வீட்டுச் சாமான்களைப் பார்த்துத்தான் வைத்திருக்கிறார்கள். இதை நான் சொன்னபோது வகுப்பில் ஒரே சிரிப்பு.

சிரிப்போடு பாடத்தை முடித்துவிட்டு, "நாளைக்கு ஆளுக்கு ஒரு பூ கொண்டு வாருங்கள், செம்பருத்தி மட்டும் வேண்டாம்" என்றேன். மறுநாள் மேசையில் நித்தியகல்யாணி, செண்டுமல்லி, கொல்லைப் பூசணிப் பூ, சாமிப் படத்திலிருந்து எடுத்த ரோஜா என்று குவிந்தன. ஒரு மாணவி மட்டும் பிளாஸ்டிக் பையை அவிழ்க்காமல் பின்னால் ஒளித்து வைத்திருந்தாள். வாங்கிப் பிரித்தேன். குப்பென்று சோம்பு வாசனை. உள்ளே விரல் தடிமனில், மாவு பூசினது போன்ற இரண்டு தண்டுகள். இன்னொரு காகிதத்தில் முள்ளும் வெள்ளைப் பொட்டுமாக ஒரு சிறு துண்டு.

"இது பூவா?" என்று பிள்ளைகள் சிரித்தார்கள். அவள் கண் கலங்கிவிட்டது. "செம்பனைப் பூ சார். பாட்டிதான் கொடுத்து விட்டாங்க. இதுல ஆம்பளை தனி, பொம்பளை தனின்னு சாரைக் கேட்கச் சொன்னாங்க."

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. சுற்றிலும் கண்ணுக்கு எட்டிய தூரம் செம்பனை நிற்கும் ஊரில் இத்தனை ஆண்டு பாடம் நடத்தியும் அதன் பூவை நான் வகுப்பறைக்குள் கொண்டு வந்ததே இல்லை. அன்று மாலையே அந்தப் பாட்டியைப் பார்க்கப் போனேன்.

எழுபதைத் தாண்டியவர். முழங்கால் வலி தவிர வேறு குறை இல்லை. தேநீர் கொடுத்துவிட்டு அவரே ஆரம்பித்தார். "கல்யாணத்துக்கு முன்னாடி நாங்க பூவுக்குப் பொடி அடிச்ச ஆளுங்க வாத்தியாரே. விடிய ஆறு மணிக்கே பிரட்டு. கையில ஊதுற புட்டி. ஒவ்வொரு மரமாப் போயி மட்டைச் சந்துல குனிஞ்சு பார்க்கணும்."

அவர் சொன்ன வேலை கதையல்ல. 1970-களில் நம் நாட்டுச் செம்பனைத் தோட்டங்கள் பலவற்றில் நடந்ததுதான். ஆண் பாளையிலிருந்து மகரந்தத்தைத் தட்டி எடுத்துச் சலித்து, முகப்பவுடர் செய்யப் பயன்படும் டால்க் மாவோடு கலந்து, பெண் பாளை விரிந்திருக்கும் மரமாகத் தேடிப் போய் ஊதிவிடுவார்கள். குறிப்பாகப் புதிதாகக் காய்ப்புக்கு வரும் இளங்கன்றுகளில் ஆண் பாளை குறைவு. ஆகவே அங்கே கையால் ஊதாவிட்டால் குலை சரியாகப் பிடிக்காது. இந்த வேலையைச் செய்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

"எந்தப் பூ தயார் என்று எப்படியம்மா தெரியும்?" என்று கேட்டேன்.

"நாக்கைப் பார்க்கணும். மூணு நாக்கு இருக்கும். வெள்ளையா ஈரமா இருந்தா இன்னிக்கே ஊதணும். சிவக்க ஆரம்பிச்சுட்டா அது போச்சு."

அவர் நாக்கு என்றது நான் கரும்பலகையில் சூலகமுடி என்று எழுதியதைத்தான். செம்பனையின் பெண் பூவில் அது மூன்றாகப் பிளந்து நிற்கும். பாலாடை நிறத்தில் இருக்கும் இரண்டு மூன்று நாள்தான் மகரந்தத்தை ஏற்கும். பிறகு இளஞ்சிவப்பாகி, ஊதாவாகி, கருகிவிடும். தாவரவியல் நூல்கள் படத்தோடு விளக்குவதை அவர் குனிந்து பார்த்தே கற்றிருக்கிறார். மகரந்தத்தை மாவு என்றார். ஆண் பாளையின் கிளைகளை விரல் என்றார். உலக்கை, நூல், மாலை என்று பெயர் வைத்த பண்டிதர்களுக்கு இவர் எந்த விதத்தில் குறைந்தவர்?

மறுநாள் வகுப்பில் செம்பருத்தியை ஒதுக்கி வைத்துவிட்டு அந்தப் பிளாஸ்டிக் பையைத் திறந்தேன்.

செம்பனையின் தாவரவியல் பெயர் இலாயிஸ் கினீன்சிஸ். ஜாக்வின் என்ற அறிஞர் 1763-இல் வைத்தது. முதல் சொல் ஒலிவ மரத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது, இரண்டாவது ஆப்பிரிக்காவின் கினி கடற்கரையைக் குறிக்கிறது. ஒவ்வொரு மட்டையின் கக்கத்திலும் ஒரு பாளை வரும். அது ஆணா பெண்ணா என்பது பாளை விரிவதற்கு ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே மரத்துக்குள் முடிவாகிவிடுகிறது. அந்தச் சமயத்தில் கடும் வறட்சி வந்தால் ஆண் பாளை மிகும். வறட்சி போய் வெகுகாலம் கழித்துக் குலை குறைவதன் காரணங்களில் இதுவும் ஒன்று. குலை வெட்டுகிறவருக்கு அன்றைக்கு நல்ல மழைதான் பெய்துகொண்டிருக்கும், மரத்தில் மட்டும் காய் இருக்காது.

ஆண் பாளையில் நூற்றுக்கு மேற்பட்ட விரல்கள். ஒவ்வொரு விரலிலும் நூற்றுக்கணக்கான குட்டிப் பூக்கள். ஒரு பாளை ஏறக்குறைய 30 முதல் 50 கிராம் வரை மகரந்தம் உதிர்க்கும். பெண் பாளையில் ஆயிரக்கணக்கான பூக்கள் உண்டு. அவற்றுள் சூல் கொண்டவைதான் நாம் பொறுக்கும் பழங்கள். பழத்தின் நுனியில் கறுத்து உலர்ந்த கூர் ஒன்று இருக்குமே, அது அந்த நாக்கின் மிச்சம். குலையைத் தூக்கும்போது கையைக் கிழிக்கும் முள் இருக்கிறதே, அதுவும் பூவின் உறுப்புதான்! ஒவ்வொரு பெண் பூவையும் தாங்கும் பூவடிச் செதில் நீண்டு கூராகி முள்ளாகிறது. தாவரவியலில் அதற்கு பிராக்ட் என்று பெயர். இத்தனை தலைமுறையாக நம் பாட்டாளிகளின் உள்ளங்கையில் ஏறியது பிராக்ட் என்று சொன்னபோது, பிள்ளைகள் தங்கள் அப்பாக்களிடம் சொல்ல வேண்டும் என்று எழுதிக்கொண்டார்கள்.

செம்பருத்தியில் எல்லாம் ஐந்தாக வந்தது நினைவிருக்கிறதா? செம்பனையில் எண்ணிப் பாருங்கள். நாக்கு மூன்று. சூற்பை அறை மூன்று. இதழ் ஆறு. ஆண் பூவில் மகரந்தத் தாள் ஆறு. எல்லாம் மூன்றின் கணக்கு. புல்லும் நெல்லும் வாழையும் தென்னையும் இந்தக் கணக்கைச் சேர்ந்தவை. விதையில் ஒரே ஒரு வித்திலை உள்ள இனம். தேங்காய்க்கு ஏன் மூன்று கண் என்று சாமி கும்பிடும்போது பிள்ளைகள் கேட்பதுண்டு. அந்தப் பூவின் சூலகம் மூன்று பங்காக இருந்ததன் தடயம்தான் அது. மூன்றில் ஒன்றுதான் பெரும்பாலும் விதையாகும். மற்ற இரண்டும் கண்ணை மட்டும் வைத்துவிட்டுப் போய்விட்டன.

இங்கே தொல்காப்பியத்தைச் சொல்லாமல் போக மனமில்லை. அதன் மரபியலில், வெளியே வைரம் பாய்ந்தவற்றைப் புல் என்றும் உள்ளே வைரம் பாய்ந்தவற்றை மரம் என்றும் பிரித்திருக்கிறார்கள். தென்னையும் பனையும் எவ்வளவு உயரம் போனாலும் புல்தான். மடல், ஓலை, ஈர்க்கு, பாளை, குலை என்ற சொற்கள் அந்தப் புல் வகைக்கு உரியவை என்றும் அதே மரபியல் கூறுகிறது. இன்று தோட்டத்தில் நாம் பேசும் பாளையும் குலையும் அத்தனை பழைய சொற்கள்.

சரி, பாட்டியின் வேலை என்ன ஆயிற்று?

அதற்கு நம் மாவட்டத்திலிருந்தே தொடங்க வேண்டும். 1848-இல் ஜாவாத் தீவின் போகோர் பூங்காவில் நான்கு செம்பனைக் கன்றுகள் நடப்பட்டன. இந்தப் பக்கத்துச் செம்பனைகள் பலவற்றுக்கு அவைதான் பாட்டன் பூட்டன். மலாயாவுக்கு அழகு மரமாக வந்து நின்ற செம்பனையை, 1917-இல் முதன்முதலாக வாணிபத்துக்கென்று பெரிய அளவில் நட்டவர் ஹென்ரி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுத் துரை. நட்ட இடம், இங்கிருந்து உள்ளே போனால் வரும் பெஸ்தாரி ஜெயாவின், அந்நாளைய பத்தாங் பெர்ஜுந்தாயின், தென்னமரம் தோட்டம். பெயரைச் சொல்லிப் பாருங்கள், நம் காதில் தென்னைமரம் என்றுதான் விழும்! இந்தத் துரை பின்னாளில் மலாயாவைப் பற்றி ஒரு நாவல் எழுதி 1930-இல் பிரான்சின் கொன்கூர் பரிசையும் வாங்கினார்.

கடல் கடந்து மரம் வந்தது. அதன் சொந்த ஊரில் அந்தப் பூவோடு வாழ்ந்த வண்டு வரவில்லை. செம்பனைக்குக் காற்றுதான் மகரந்தம் சுமக்கிறது என்று நெடுங்காலம் நம்பிக்கொண்டிருந்தார்கள். யூனிலீவர் நிறுவனத்தைச் சேர்ந்த லெஸ்லி டேவிட்சன் என்ற தோட்டக்காரர் ஆப்பிரிக்காவின் கெமரூனுக்குப் போனபோது, அங்கே பாளையெங்கும் பூச்சி மொய்ப்பதையும் குலை நன்றாகப் பிடிப்பதையும் கண்டு ஐயம் கொண்டார். 1970-களின் பிற்பகுதியில் ரஹ்மான் சையத் என்ற பாகிஸ்தானியப் பூச்சியியல் அறிஞர் கெமரூனில் ஆராய்ந்து, வேலையைச் செய்வது காற்றல்ல, எள்ளைவிடச் சற்றுப் பெரிய கூன்வண்டுதான் என்று காட்டினார். இலாயிடோபியஸ் கெமரூனிக்கஸ் என்பது அதன் பெயர். வேறு பயிர்களுக்குத் தீங்கு செய்யாது என்று சோதித்து உறுதி செய்துகொண்ட பிறகு, 1981 பிப்ரவரியில் ஜொகூர் குளுவாங் பக்கம் மாமோர் தோட்டத்தில் அதை வெளியே விட்டார்கள்.

வண்டு செய்யும் வேலையில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அதற்கு ஆண் பாளைதான் வீடு. அங்கேதான் தின்கிறது, முட்டையிடுகிறது. அதன் புழுக்கள் வாடிய ஆண் பூவைத் தின்று வளர்கின்றன. ஆண் பாளையை அடையாளம் காட்டுவது அந்தச் சோம்பு வாசனை. பெண் பாளையோ வண்டுக்கு ஒன்றும் கொடுப்பதில்லை. ஆனால் நாக்கு வெளுத்து நிற்கும் நாளில் அதே வாசனையைச் சற்று நேரம் வீசுகிறது. ஏமாந்து வந்த வண்டு, உடம்பில் ஒட்டிய மகரந்தத்தை உதிர்த்துவிட்டுப் பறந்துவிடுகிறது. மனிதர் புட்டியோடு தேடிப்போன பூவை வண்டு மூக்கால் தேடி அடைகிறது.

ஓரிரு ஆண்டுக்குள் வண்டு நாடெங்கும் பரவிவிட்டது. குலையில் பழங்கள் நெருக்கமாகப் பிடித்தன, குலையின் எடை கூடியது. கையால் பொடி ஊதும் வேலை தேவையற்றுப் போனது. நிறுவனங்களுக்குப் பெருஞ்செலவு மிச்சம் என்று எல்லா நூல்களிலும் எழுதியிருக்கிறது. அந்த மிச்சம் எத்தனை பெண்களின் மாதச் சம்பளம் என்று எழுதிய நூல் என் கண்ணில் படவில்லை.

பாட்டியைக் கேட்டேன். "ஒரு நாள் பிரட்டுல கிராணி சொன்னாரு, இனிமே பொடி வேலை இல்லை, புல்லு வெட்டப் போங்கன்னு. சில பேருக்கு உரம் போடுற வேலை. எனக்குப் பழம் பொறுக்குற வேலை. ஏன்னு யாரும் சொல்லலை. பூச்சி வந்துடுச்சின்னு தண்டல்தான் சொன்னாரு. எங்களுக்குப் பயம். பூச்சி வந்தா மரம் செத்துப் போகுமேன்னு பேசிக்கிட்டோம்." பூவின் நாக்கு நிறம் மாறுவதை நாள் கணக்கில் அறிந்திருந்தவர்களுக்கு, அந்த வண்டு எதற்கு வந்தது என்று விளக்க ஒருவரும் இல்லை. அதன் பிறகு ஓய்வு பெறும்வரை அவர் குனிந்து பழம்தான் பொறுக்கினார்.

ரப்பர் பூவையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன், பால்வெட்டுக் குடும்பங்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது அல்லவா? ஹெவியா பிரேசிலியென்சிஸ் பூவுக்கு அல்லி வட்டமே கிடையாது. மஞ்சள் புல்லி வட்டம் மட்டும்தான். சூற்பை மூன்று அறை, அதனால்தான் காய் வெடித்தால் மூன்று கொட்டை. சுங்கை பூலோவில் ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தார் புதிய இரகங்களை உண்டாக்க, ஆண் பூவின் தண்டைப் பெண் பூவுக்குள் வைத்துப் பஞ்சால் அடைத்து, மேலே ரப்பர் பாலையே தடவி மூடுவார்கள். பலரும் வெட்டிய ஆர்.ஆர்.ஐ.எம். 600 மரம் அப்படிக் கைச்சேர்க்கையில் பிறந்ததுதான்.

செம்பருத்தி? அழகிய ஐந்து இதழும் எல்லா உறுப்பும் குறைவின்றி இருந்தும் நம் வேலியில் அது காய் பிடிப்பது அபூர்வம். குச்சி நட்டுத்தான் வளர்க்கிறோம்.

சென்ற மாதம் ஒரு தீப்பெட்டியில் நான்கைந்து கூன்வண்டுகளைப் பிடித்துக்கொண்டு பாட்டி வீட்டுக்குப் போனேன். பேத்தி பூதக்கண்ணாடியைப் பிடித்துக்கொள்ள, வெகுநேரம் பார்த்தார்.

"இத்தனூண்டா? இதுக்கா எங்களை நிறுத்துனாங்க?"

"ஆமாம்மா."

"இதுக்குப் பிரட்டு எத்தனை மணிக்கு வாத்தியாரே?"

வெயில் ஏறி, பாளையின் வாசனை பரவிய பிறகுதான் வண்டு சுறுசுறுப்பாகப் பறக்கும் என்றேன்.

"கொடுத்து வச்சது" என்று சொல்லிவிட்டு, தீப்பெட்டியைத் திறந்து வாசற்பக்கம் விட்டுவிட்டார்.